சூடான சாம்பாரும் பிவிசி கிளவுஸும்: ஸ்டென்ட் வெச்ச வீட்டுல இருந்து ஒரு மெஸ்காரம்மா எழுதறது

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பிளாஸ்டிக்காலதான் ஹார்ட் அட்டாக் வருதுன்னு நான் சொல்ல வரல. எங்க வீட்டுக்காரருக்கு வயசு 58, சுகர் பல வருஷமா இருக்கு, பிபி இருக்கு, கொழுப்பு ஜாஸ்தி, நாள் பூரா கல்லாவுலயே உக்காந்திருப்பாரு, கடை மூடி ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் சாப்பாடு, அதுவும் மீந்த பரோட்டாவும் சால்னாவும். இவ்வளவையும் வெச்சுக்கிட்டு வேற எது மேலயாவது பழியைப் போட்டா அது அநியாயம். ஆனா அவருக்கு இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வெச்சப்ப டாக்டர் குடுத்த காரண லிஸ்ட்ல இல்லாத ஒரு விஷயம், பிளாஸ்டிக்ல இருந்து சாப்பாட்டுல இறங்கற கெமிக்கல், எனக்குத் தெரிய வந்துச்சு, அது எங்க தொழிலோட ரொம்ப சம்பந்தப்பட்டது, அதனால தேடித் தேடிப் படிச்சேன். ஓட்டல், மெஸ், கேட்டரிங் பண்றவங்களுக்கும் வீட்டுல ஹார்ட் பேஷன்ட் வெச்சிருக்கறவங்களுக்கும் உபயோகமா இருக்கும்னுதான் எழுதறேன்.

திருச்சியில சின்ன மெஸ் நடத்தறோம். மதியம் சாப்பாடு, சாயங்காலம் டிபன். உக்காந்து சாப்பிடறவங்களை விட பார்சல் வாங்கறவங்கதான் அதிகம்.

விஷயம் கிளவுஸ்ல ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரியில சிஸ்டர் ஊதா கலர் கிளவுஸை மாட்டறதைப் பாத்துட்டு, எங்க மெஸ்ல கண்ணாடி மாதிரி ஒண்ணு வாங்கறோமே, அது இதை விட மெத்துன்னு இருக்குமேன்னு சும்மா பேச்சுக்குச் சொன்னேன். அவங்க உடனே, "அது பிவிசியா இருக்கும்க்கா, மெத்துன்னு ஆக்கறதுக்கு ஒரு எண்ணெய் மாதிரி சேப்பாங்க, எண்ணெய்ப் பலகாரத்தை அதால தொடாதீங்க"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க, வேலையைப் பாக்கப் போயிட்டாங்க. எனக்கு மண்டைக்குள்ள அதே ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஏன்னா எங்க கடையில பஜ்ஜி, வடை, பரோட்டா எல்லாத்தையும் அந்த கிளவுஸ் போட்டுத்தான் எடுத்துக் கட்டறோம், அதுவும் சுத்தமா இருக்கணும்னு கஸ்டமர் கேட்டதால.

அப்புறம் பொண்ணை உக்கார வெச்சு படிச்சுக் காட்டச் சொன்னேன். வீட்டுக்கு தண்ணி வர்ற பைப் இருக்குல்ல, அதுவும் பிவிசிதான், கல்லு மாதிரி இருக்கும். அதையே கிளவுஸ் மாதிரி வளையற பொருளா ஆக்க பெரும்பாலும் தாலேட்ங்கற கெமிக்கலைச் சேப்பாங்க. சில பொருள்ல மொத்த எடையில 30, 40 சதவீதம் வரைக்கும் கூட அதுவே இருக்குமாம். அது பிளாஸ்டிக்கோட கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கறதில்ல, எண்ணெய் பட்டா எண்ணெயில இறங்கிடும், சூடு இருந்தா இன்னும் வேகமா இறங்கும். ஜப்பான்ல கடையில விக்கற பெட்டி சாப்பாட்டை டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்காங்க, டிஇஹெச்பிங்கற தாலேட் எக்கச்சக்கமா இருந்திருக்கு. எங்கேருந்து வருதுன்னு தேடினா, சாப்பாட்டை எடுத்து வைக்கிறவங்க போட்ட பிவிசி கிளவுஸ், அது மேல சுத்தத்துக்காக ஆல்கஹால் வேற அடிச்சிருக்காங்க, அது இன்னும் கரைச்சு விட்டிருக்கு. 2000ல அந்த கிளவுஸை சாப்பாட்டு வேலைக்கு வேணாம்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. இதைப் படிச்சப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்னு ஓட்டல்காரங்களுக்குத்தான் புரியும். கொரோனா சமயத்துல நாம எல்லாரும் பண்ணது அதையேதான், கிளவுஸ் மேல சானிடைசர்.

இன்னொண்ணு, 2018ல அமெரிக்காவுல பத்தாயிரம் பேருக்கு மேல எடுத்த கணக்கு வந்துச்சு, வெளியில அதிகமா சாப்பிடறவங்க உடம்புல வீட்டுல சாப்பிடறவங்களை விட தாலேட் அளவு கிட்டத்தட்ட 35 சதவீதம் அதிகம். ஓட்டல் வெச்சிருக்கற நானே இதைச் சொல்றது சங்கடமாத்தான் இருக்கு, இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும்.

சரி, இதுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க, நானும் அதைத்தான் கேட்டேன். ஹார்மோன்ங்கறது ரத்தத்துல ஓடற ஆர்டர். நான் கல்லாவுல இருந்து "ரெண்டு ஆப்பாயில்"னு குரல் குடுத்தா உள்ள மாஸ்டர் யாரு என்னன்னு எட்டிப் பாக்க மாட்டாரு, போட்டுடுவாரு. என் குரல்லயே வேற யாரோ குரல் குடுத்தாலும் போட்டுடுவாரு. இந்த கெமிக்கல்லாம் பண்றது அதுதான். பிஸ்ஃபினால் ஏ, சுருக்கமா பிபிஏ, பாலிகார்பனேட் கேன்லயும் டின் உள்பூச்சுலயும் இருக்கறது, அது பெண்களுக்குச் சுரக்கற ஈஸ்ட்ரஜன் மாதிரி நடிக்கும். இது யாரும் புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்ல, 1930கள்லயே லண்டன்ல டாட்ஸ்னு ஒரு விஞ்ஞானி பிபிஏ ஈஸ்ட்ரஜன் மாதிரி வேலை செய்யுதுன்னு காட்டியிருக்காரு. அதுக்கப்புறம்தான் அதே பொருள்ல பிளாஸ்டிக் பண்ண ஆரம்பிச்சாங்க, என்னத்த சொல்ல.

ரத்தக் குழாயோட உள்சுவர்லயும் இதயத் தசையிலயும் ஈஸ்ட்ரஜன் வந்து உக்கார்ற இடம் இருக்கு, குழாய் விரியறது சுருங்கறதுல அதுக்குப் பங்கு உண்டு. இன்சுலின் சுரக்கறதுல கை வைக்கிற கெமிக்கல் இருக்கு, கொழுப்பு செல்லை பெருக்கறது இருக்கு, தைராய்டைத் தொடறது இருக்கு, தைராய்டு மாறினா இதயத் துடிப்பும் கொலஸ்ட்ராலும் மாறும். ஆக நேரா போய் இதயத்தை அடிக்கறதை விட சுகர், எடை, பிபி, கொழுப்பு வழியா சுத்தி வர்றதுதான் அதிகம். எங்க வீட்டுக்காரரோட கேஸ் ஷீட்ல இருந்த அதே நாலும். அதனாலதான் இதை மத்த காரணங்களுக்குப் போட்டியா நிறுத்தக் கூடாதுன்னு தோணுது, ஏற்கெனவே இருக்கற பிரச்சனையை இன்னும் கொஞ்சம் தள்ளி விடற கைன்னு வேணா சொல்லலாம்.

ஆதாரம் எவ்வளவு கெட்டின்னா, நடுவாந்தரம். 2008ல அமெரிக்காவுல 1,455 பேரோட சிறுநீரை வெச்சுப் பாத்ததுல பிபிஏ அதிகமா இருந்தவங்களுக்கு இதய நோயும் சுகரும் அதிகமா இருந்துச்சு. ஆனா டின் சாப்பாடு, பாக்கெட் சாப்பாடு அதிகம் சாப்பிடறவங்களுக்கு பிபிஏவும் ஏறும், ஹார்ட் பிரச்சனையும் வரும், எது எதால வந்துச்சுன்னு பிரிக்க முடியாது. எனக்கு நம்பிக்கை வந்தது கொரியாவுல பண்ண ஒரு சின்ன ஆராய்ச்சியில. சியோல்ல 60 வயசுக்கு மேல இருக்கற 60 பேருக்கு ஒரே சோயா பாலை ஒரு தடவை கண்ணாடி பாட்டில்லயும் ஒரு தடவை டின்லயும் குடுத்திருக்காங்க. டின்ல ரெண்டு குடிச்சப்ப சிறுநீர்ல பிபிஏ 1,600 சதவீதம் வரைக்கும் ஏறியிருக்கு, மேல் பிபி கிட்டத்தட்ட 4.5 பாயின்ட் ஏறியிருக்கு, அதுவும் ரெண்டே மணி நேரத்துல. அதே ஆளு, அதே பால், மாறினது பாத்திரம் மட்டும். எங்க வீட்டுக்காரருக்கு பிபியை பத்து பாயின்ட் எறக்க ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டு இருக்கறப்ப 4.5ங்கறது எனக்கு சின்னதாத் தெரியல.

2025ல நியூயார்க் யுனிவர்சிட்டி ஆளுங்க ஒரு கணக்கு போட்டாங்க, 2018ல மட்டும் உலகத்துல 55ல இருந்து 64 வயசுக்குள்ள மூணரை லட்சத்துக்கு மேல இதய நோய் சாவுக்கு டிஇஹெச்பியோட தொடர்பு இருக்குன்னு, அதுல இந்தியாதான் முதலிடம், ஒரு லட்சத்துக்கு மேல. வாட்ஸப்ல இதை "பிளாஸ்டிக் கொன்ற ஒரு லட்சம் பேர்"னு சுத்தி விட்டாங்க. அது அமெரிக்காவுல கிடைச்ச விகிதத்தை மத்த நாட்டுக்கும் பொருத்தி போட்ட மதிப்பீடு, ஆளை எண்ணிப் பாத்த கணக்கு இல்ல. பயப்பட வேணாம், ஒதுக்கவும் வேணாம்.

மெஸ்ல என்ன மாத்தினோம்னு வரேன். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த முடியாதுங்க, கையில காசு வேணும், கஸ்டமர் ஒத்துக்கணும், வேலை செய்யறவங்க ஒத்துக்கணும். நான் எனக்குன்னு வெச்சுக்கிட்ட கேள்வி ஒண்ணுதான், சூடு, எண்ணெய், பிளாஸ்டிக் இந்த மூணும் எந்த இடத்துல ஒண்ணா சேருது? அந்த இடத்தை மட்டும் பிடிச்சேன்.

கிளவுஸ் மொதல்ல போச்சு. பிவிசி வேணாம், பஜ்ஜி வடைக்கு இடுக்கி, மத்ததுக்கு கரண்டி, கையால தொட்டே ஆகணும்னா சலசலன்னு சத்தம் வருமே அந்த மெல்லிசு பாலிதீன் கிளவுஸ். பாலிதீனை வளைக்க தாலேட் சேக்கத் தேவையில்ல, அதுவாவே வளையும். வெலையும் ஜாஸ்தி இல்ல. நைட்ரைல்னு ரப்பர் மாதிரி ஒரு கிளவுஸ் இருக்கு, அது நல்லதுதான், எங்களுக்குக் கட்டுப்படியாகல. மாஸ்டருக்கு மட்டும் கோவம், "இடுக்கியில எடுத்தா பரோட்டா பிஞ்சு போகுதும்மா"ன்னு இன்னிக்கு வரைக்கும் முனகுவாரு. முனகட்டும்.

அடுத்தது சாம்பார். கொதிக்கக் கொதிக்க குண்டான்ல இருந்து ஒரு கரண்டி அள்ளி கவர்ல ஊத்தி, ஒரு சுழட்டு சுழட்டி நூலைச் சுத்துவாங்க பாருங்க, அப்ப அந்த கவர் துவண்டு போய் கை வெச்சா பஞ்சு மாதிரி அமுங்கும், வாயைப் பிரிச்சா சாம்பார் வாசனைக்கு முன்னாடி பிளாஸ்டிக் வாசனை வரும். நம்ம தமிழ்நாட்டுல சாப்பாடு மடிக்கற பிளாஸ்டிக் தாள், கேரி பேக், பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப் எல்லாத்துக்கும் 2019 ஜனவரி 1ல இருந்தே தடை, எல்லாருக்கும் தெரியும், எல்லாக் கடையிலயும் அது இருக்கறதும் தெரியும். நல்ல பாலிதீன்ல பிபிஏவோ தாலேட்டோ பெரிசா இருக்காதுன்னு படிச்சேன், ஆனா நமக்கு வர்றது பேர் ஊர் எதுவும் போடாத கவர், எதை உருக்கி அடிச்சதுன்னு கடைக்காரருக்கே தெரியாது. சில்வர் கவர்னு ஒண்ணு வருது, அதுக்குள்ளயும் பிளாஸ்டிக் பூச்சுதான், வெளியில பளபளன்னு இருக்கறதால நல்லதுன்னு நெனச்சுக்கறாங்க.

நாங்க பண்ணது, பாத்திரம் கொண்டு வந்தா சாம்பார், குழம்பு ஒரு கரண்டி சேத்து. அவ்வளவுதான் ஆஃபர். காசு கம்மி பண்றேன்னு சொன்னதுக்கு யாரும் மசியல, குழம்பு சேத்துத் தரேன்னதும் தூக்குச்சட்டியோட வந்துட்டாங்க, நம்ம ஜனங்களைப் பத்தி இதுல ஒரு பாடம் இருக்கு. பக்கத்து ஆபீஸ்காரங்களுக்கு எங்க செலவுல எவர்சில்வர் டிபன் கேரியர், டெபாசிட் வாங்கிக்கிட்டு. கேரியர் சிலது திரும்பி வரல, டெபாசிட்ல ஈடுகட்டிக்கிட்டோம். சாதம், கூட்டு, பொரியல் எல்லாம் வாழை இலையில, திருச்சியில இருந்துக்கிட்டு வாழை இலைக்கு என்ன பஞ்சம், காந்தி மார்க்கெட்ல கட்டுக் கட்டா கிடைக்குது. வெளியில சுத்தறதுக்கு பழைய நியூஸ்பேப்பர் வேணாம், அச்சு மை சாப்பாட்டுல இறங்கும், உணவுப் பாதுகாப்பு ஆணையமே கூடாதுன்னு சொல்லியிருக்கு. வெறும் பிரவுன் பேப்பர் வாங்கறோம்.

ஆப்ல வர்ற ஆர்டருக்கு மட்டும் வழி தெரியல. தூக்குச்சட்டி அங்க நடக்காது. அதுக்கு அடியில 5 நம்பர் போட்ட டப்பா, அது பாலிபுரோப்பிலீன், சூடு தாங்கறதுல இருக்கறதுக்குள்ள தேவலாம். ரசம், குழம்பை அகலமான எவர்சில்வர் அன்னக்கூடையில கொஞ்ச நேரம் ஆற விட்டுத்தான் அதுல ஊத்தறோம். கருப்பு டப்பா வாங்கறதை நிறுத்தியாச்சு, கருப்புச் சாயம் போட்டா எந்தப் பழைய பிளாஸ்டிக்கையும் மறைச்சுடலாம். "சாப்பாடு ஆறிப் போச்சு"ன்னு ஒரு ஸ்டார் போட்டவங்க உண்டு, பரவாயில்ல.

இட்லிக்கு நாங்க எப்பவும் துணிதான். கர்நாடகாவுல 2025 பிப்ரவரியில ஓட்டல்ல இட்லித் தட்டு மேல பிளாஸ்டிக் தாள் போட்டு வேக வைக்கறதை சர்க்காரே தடை பண்ணாங்க, அதைக் கேட்டுத்தான் அப்படியும் பண்றாங்களான்னு எனக்குத் தெரிஞ்சுது. மாவுக்கு பழைய பெயின்ட் டப்பா வெச்சிருக்கற கடை நம்ம ஊர்லயும் ஏராளம், மாவு புளிக்கிறது, அமிலம், ராத்திரி பூரா அதுல கெடக்கு. தயவு செஞ்சு எவர்சில்வர் வாங்குங்க.

டீ பார்சலும் பேப்பர் கப்பும் இதே கதை. காரக்பூர் ஐஐடியில 2020ல பாத்தது, சூடான தண்ணி 100 மில்லி பேப்பர் கப்புல 15 நிமிஷம் இருந்தா 25,000 மைக்ரோபிளாஸ்டிக் துகள் இறங்குது. துகளே இதயத்துக்கு ஆகாதுங்கறதுக்கும் இப்ப கொஞ்சம் ஆதாரம் வந்திருக்கு, 2024ல இத்தாலியில கழுத்து ரத்தக் குழாய் அடைப்பை ஆபரேஷன்ல எடுத்து டெஸ்ட் பண்ணதுல 257 பேர்ல 150 பேர் அடைப்புல பாலிதீன் துகள் இருந்திருக்கு, துகள் இருந்தவங்களுக்கு அடுத்த மூணு வருஷத்துக்குள்ள அட்டாக், ஸ்ட்ரோக், இல்ல சாவு, இது வர்ற வாய்ப்பு நாலரை மடங்கு. கண்ணாடி டம்ளர் கழுவ ஒரு ஆள் கூடப் போட்டேன், அந்த அக்காவுக்கும் ஒரு வேலை.

வீட்டுல மாத்தினது கம்மி. 20 லிட்டர் கேனைக் கவுத்து அடியில பாத்தா முக்கோணத்துக்குள்ள 7ன்னு இருந்துச்சு, பெரும்பாலும் அது பாலிகார்பனேட், பிபிஏ இருக்கற வகை. 1ன்னு இருந்தா பெட்ங்கற (PET) பிளாஸ்டிக், அதுல பிபிஏ இல்ல. கேன் போடற தம்பிகிட்ட கேட்டா "அக்கா நான் கேனைத்தான் பாப்பேன், அடியை யாரு பாப்பா"ன்னான். அவன் மினி லாரியில வெயில்ல கேன் மணிக்கணக்கா நிக்குது, அதுதான் எனக்கு உறுத்துச்சு. இப்ப ஃபில்டர் தண்ணி, செம்புப் பானை இல்ல எவர்சில்வர் குடம். குழந்தைங்க பால் புட்டியில பாலிகார்பனேட் கூடாதுன்னு நம்ம நாட்டுல 2015லயே பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்போட தரத்துல வந்தாச்சு. ஐரோப்பாவுல 2024 கடைசியில சாப்பாடு படற எல்லாப் பொருளுக்கும் பிபிஏ தடைன்னு முடிவு பண்ணிட்டாங்க. "பிபிஏ ஃப்ரீ"ன்னு போட்டா மட்டும் நம்பிடாதீங்க, பிபிஎஸ்னு அதோட பங்காளியைப் போட்டு விக்கறாங்க, ஆய்வுக்கூடத்துல பாத்தா அதுவும் அதே வேலையைத்தான் பண்ணுது.

ஊறுகாய், நெய், மிச்ச குழம்பு எதுவும் பிளாஸ்டிக் டப்பாவுல கிடையாது. குழம்பு வெச்ச டப்பாவுல மஞ்சக் கறை பிடிச்சு எத்தனை தேச்சாலும் போகாது பாருங்க, எண்ணெய் பிளாஸ்டிக்குக்குள்ள போகுதுங்கறதுக்கு வேற சாட்சி வேணாம். பருப்பு, அரிசி, மொளகா வத்தல்னு காஞ்ச சாமான் டப்பாவுல அப்படியேதான் இருக்கு, அதையெல்லாம் தூக்கிப் போட்டு காசைக் கரைக்க வேணாம்.

கல்லாவுல பில் மெஷின் பேப்பர்லயும் பிபிஏவோ பிபிஎஸ்ஸோ இருக்கு, பூச்சா இருக்கறதால கையில அப்படியே ஒட்டும், கை எண்ணெயாவோ சானிடைசர் ஈரமாவோ இருந்தா தோலுக்குள்ள இன்னும் வேகமா போகும். நாள் பூரா பில் கிழிக்கறவருக்கு இது கவலைதான். இப்ப கேட்டா மட்டும் பில், மத்தவங்களுக்கு டோக்கன். பில்லுல வடையை வெச்சுத் தர்ற பழக்கத்தை சுத்தமா நிறுத்தியாச்சு.

நான்ஸ்டிக், ரூம் ஸ்ப்ரே, சென்ட், டின் காளான் இதெல்லாம் சொல்லிக்கிட்டே போகலாம், எங்க வீட்டுல இரும்பு தோசைக்கல்லுதான், மத்தது பழக்கமே இல்ல, அதனால எழுத ஒண்ணும் இல்ல.

டாக்டர் சார்கிட்ட செக்கப்புக்குப் போனப்ப இதெல்லாம் சொன்னேன். சிரிப்பாருன்னு நெனச்சேன், சிரிக்கல. "பண்ணும்மா, கெடுதல் ஒண்ணும் இல்ல, ஆனா இதைப் பண்றோமேன்னு மாத்திரையை விட்டுடாதீங்க, நடையை விட்டுடாதீங்க, உப்பு அப்பளத்தை நிறுத்தினீங்களா அதைச் சொல்லுங்க மொதல்ல"ன்னாரு. அந்தக் கேள்விக்கு எங்க வீட்டுக்காரர் என்னைப் பாத்தாரு. ஸ்டென்ட் வெச்சவங்க ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை டாக்டர் சொல்லாம ஒரு நாள் கூட நிறுத்தக் கூடாது, ஸ்டென்ட்லயே ரத்தக் கட்டி சேந்து அடைச்சுடும். எங்க கஸ்டமர் ஒருத்தர், ஏதோ டீடாக்ஸ் பொடி, உடம்புல இருக்கற பிளாஸ்டிக்கை எல்லாம் வெளியேத்தும்னு ஆயிரக்கணக்குல வாங்கிக்கிட்டு மாத்திரையைப் பாதியாக்கிட்டாரு. அந்தப் பொடிக்கு ஒரு ஆதாரமும் கிடையாது. பிபிஏ அதுவாவே ஒரு நாளைக்குள்ள சிறுநீர்ல போயிடும், பொடி எதுக்கு? போறதை விட வேகமா மறுபடி மறுபடி உள்ள போடறோம்ல, அதுதான் பிரச்சனை.

அது நல்ல சேதியும்தான். சான் பிரான்சிஸ்கோ பக்கம் அஞ்சு குடும்பத்துக்கு மூணு நாள் டின், பிளாஸ்டிக் படாத புதுச் சமையலா குடுத்துப் பாத்திருக்காங்க, பிபிஏ 66 சதவீதம் குறைஞ்சுடுச்சு, டிஇஹெச்பி உடம்புல சிதைஞ்சு சிறுநீர்ல வர்ற மிச்சமும் பாதிக்கு மேல குறைஞ்சுது. மூணே நாள்ல.

நிறைய பேர் கேக்கறது, இதுக்கு ஏதாவது டெஸ்ட் எடுக்கலாமான்னு. எடுக்க வேணாம். ஒரு தடவை சிறுநீர் டெஸ்ட் பண்ணா நேத்து என்ன சாப்பிட்டீங்கங்கறதைத்தான் காட்டும், அதை வெச்சு டாக்டரும் எதுவும் பண்ண முடியாது. அந்தக் காசுக்கு மூணு மாச சுகர் ஆவரேஜ், கொழுப்புக்கு லிப்பிட், கிட்னிக்கு கிரியேட்டினின் டெஸ்ட் எடுத்துடுங்க, மிச்சத்துல ஒரு நல்ல பிபி மெஷின், கை மேல்பக்கம் கட்டற வகை, வாங்கி வீட்டுல வெச்சுக்கங்க, காலையில மாத்திரைக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுப் பாத்து நோட்டுல எழுதி வெச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க.